இரட்டை விசில்

அந்த டிரைவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டு மாதக்கணக்காகிறது. வீட்டில் கேட்கும், மாடிப்படியில் கேட்கும், கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவும்போதுகூட ஒழுங்காகத்தான் இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து, பின்னாலிருந்து கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தால் மட்டும் பிரேக்கின் மேல் ஆணி அடித்தாற்போல நின்றுவிடும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இது அம்மா இடுப்பில் உட்கார்ந்து பஸ் ஏறுகிற குழந்தைக்கும் தெரியும். அந்தக் காலுக்கு மட்டும் தெரியவில்லை.

எல்லாம் ஒரு குடையால் வந்தது. அன்றைக்குக் கண்டக்டராக இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. இறங்க வேண்டியவர்கள் இறங்கியாயிற்று என்று பார்த்துத்தான் விசில் கொடுத்தான். இறங்கிய பெரியவர் ஒருவர், சீட்டில் விட்ட குடை நினைவுக்கு வந்து, சட்டென்று திரும்பிக் கம்பியைப் பிடித்தார். வண்டி நகர்ந்துவிட்டது, கீழே விழுந்தார். உயிர் போகவில்லை, இடுப்பெலும்பு போயிற்று. விசாரணை நடத்தி, யார் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் மனிதன் நிம்மதியாகத் தூங்குவான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ.

மறு வாரமே டிரைவரின் கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டிப்போவில் பஸ் கழுவுகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது அவருக்கு அலுப்பாக இல்லை. தூரத்தில் யாரோ விசில் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதும், கை வியர்ப்பதும், அப்புறம் ஒன்றுமில்லை என்று தானே தனக்குச் சொல்லிக்கொள்வதும்தான் அவரைச் சக்கையாகப் பிழிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மூட்டை தூக்கியவரைப் போல வருவார்.

மச்சினன்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு முறையும் வெளியே பெஞ்சில், அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"மூளைக்குள்ள பாதாம் பருப்பு அளவுல ஒன்னு இருக்குங்க. ஆபத்துன்னு தோணினா முதல்ல மணி அடிக்கிறது அதுதான்" என்றார் டாக்டரம்மா. "நிஜமா ஆபத்தான்னு யோசிக்கிற பகுதி கொஞ்சம் மெதுவாத்தான் வரும். அதுக்குள்ள கை, கால், நெஞ்சுக்கெல்லாம் உத்தரவு போயிடும். சிலர் ஓடுவாங்க, சிலர் அடிக்கப் போவாங்க, சிலர் உறைஞ்சு நிப்பாங்க. உங்க கால் உறையுது."

"விசில் ஒன்னும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியுமே டாக்டர்."

"உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது. சொல்லிப் புரிய வைக்க முடியாது, பழக்கித்தான் ஆகணும். வீட்ல உக்காந்து கேளுங்க. கேட்டும் ஒன்னும் ஆகலைன்னு அது கத்துக்கட்டும்."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி, "இத்தனூண்டு பாதாம் பருப்பா இந்தப் பாடு படுத்துது?" என்றாள். விசில் அடிக்கத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தொண்டை சரியில்லை என்றான். அடுத்த வாரம் சளி என்றான். "சரியான சோம்பேறி" என்று அவளே விசிலை வாங்கிக் குழம்பு கொதிக்கும்போதும், துணி மடிக்கும்போதும் ஊதித் தள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இங்க பஸ் ஏதாவது வருதாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். டிரைவருக்கு முதலில் உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு நெஞ்சு மட்டும் படபடத்தது. கடைசியில் ஒரு நாள், அவள் ஊத ஊத, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தேறினால் பழைய சீட், இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை கொட்டகைதான். எந்தக் கண்டக்டர் வேண்டும் என்று கேட்டபோது டிரைவர் மச்சினனைத்தான் கேட்டார். பயந்த இடத்திலேயே பயத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற வீம்பு அவருக்கு. "சரி மாமா" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

முதல் நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். டிரைவர் பின்பக்கத்து விசிலுக்காகக் காத்திருந்தார். கை வியர்த்தது. ஆனால் கால் இலேசாக இருந்தது, எடு என்றால் எடுத்துவிடும். அவருக்கே அது தெரிந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாகச் சந்தோஷம் போல ஒன்று வந்தது.

விசில் வரவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். மச்சினன் பின்படியில் நின்றிருந்தான். விசில் வாயில் இருந்தது, கன்னம் உப்பவில்லை. ஒரு கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. கண் படிக்குக் கீழே, வெறும் தரையில் நிலைகுத்தி நின்றது. அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காகச் சவரக் கண்ணாடியில் பார்த்த முகம்தான். காலுக்கு மருந்து தேடி அலைந்த வீட்டில், விசில் ஊதியவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"என்னப்பா, ஏன் எடுக்கல?" என்றார் இன்ஸ்பெக்டர். கூட்டம் மறைத்ததால் பின்படி அவருக்குத் தெரியாது, இரைச்சலில் விசில் வந்ததா இல்லையா என்பதும் தெரியாது.

விசில் வரல சார் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பொய்யுமில்லை. சொன்னால் சீட் அவருக்கு, விசாரணை அவனுக்கு.

"கால் வரல சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார். "சரி, இறங்கு. வேற டிரைவரை வரச் சொல்றேன்."

பயணிகள் முணுமுணுத்தார்கள். டிரைவர் இறங்கிப் பின்பக்கம் நடந்து போய், மச்சினனின் வாயிலிருந்த விசிலை மெல்ல எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது.

"நான் ஊதல மாமா" என்றான் அவன் தாழ்ந்த குரலில். "அந்தப் பெரியவர் விழுந்த அன்னைக்கிலிருந்தே ஊதல. விசிலுக்குப் பதிலா பஸ் தகரத்துல தட்டித்தான் சமாளிச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு உங்களுக்காக எப்படியாவது ஊதிடலாம்னு பார்த்தேன். மூச்சே வரல."

"தெரியுது."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே நீங்க."

டிரைவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்குக் களைப்பாக இருந்தது. படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போகணும்ல" என்றார். "நீ உள்ள போ மச்சான். பையைக் குடு, நான் வெளிய உக்காந்திருக்கேன்."