உயிருள்ளவை நீங்கலாக

பெருமுக்கல்லுக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய இரண்டு ஏக்கரில், 1982ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி பூத்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, 1986 செப்டம்பர் வரை அதே பூவோடுதான் நின்றது. அந்த நிலத்துக் குடிசையில் வாழ்ந்த ஜெயத்துக்கு எட்டு மாதக் கர்ப்பம் நாலு வருஷம் நீடித்தது. நோய் காரணமில்லை, செய்வினையும் காரணமில்லை. கோர்ட் உத்தரவுதான் காரணம்.

அது ஜெயத்தின் அம்மாவுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம். அம்மா செத்த பிறகு பட்டா ஜெயத்தின் பேருக்கு வந்தது. அவள் புருஷன் சவுரிராயன் குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து நிலத்துக்காரர் சக்கரபாணி, அந்த நிலத்தைத் தன் அப்பா எப்போதோ கிரயம் வாங்கிவிட்டார் என்று ஒரு பழைய பத்திரத்தோடு வந்து, ஒரு காலையில் ஏரை இறக்கினார். ஜெயம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் மாட்டுக்கு முன்னால் நின்றாள். அப்புறம் திண்டிவனம் போய் வக்கீல் வெங்கடாசலத்தைப் பார்த்தார்கள். வெங்கடாசலம் பத்திரம் எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளை. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பரம்பரைப் பழக்கத்தில், மனுவில் நிலம், பயிர், கிணறு, குடிசை, மரம், மட்டை, கல், மண், நிதி நிட்சேபம் என்று அடுக்கிக்கொண்டே போய், போதாதென்று ‘சகலமும்’ என்று முடித்தார். முன்சீப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நாலு எல்லைக்குள் அடங்கிய சகலமும் மறு உத்தரவு வரும்வரை இன்றுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினார். எத்தனையோ வழக்கில் எழுதுகிற வரிதான். ஆனால் உத்தரவைக் கொண்டுவந்த கோர்ட் அமீனா சீனுவாசன் வேலைக்குப் புதுசு. கையெழுத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டாமல், நிலத்தின் நாலு மூலையிலும் நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசித்தார். நிலம் கேட்டுக்கொண்டது.

அன்றைக்கு அடுப்பில் இருந்த கேப்பைக் கூழ் எவ்வளவு குடித்தாலும் குறையவில்லை. அதற்காக யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை. உத்தரவு வந்த நேரத்தில் அவர்களுக்கு அரை வயிற்றுப் பசி இருந்தது. எவ்வளவு குடித்தாலும் அந்த அரை வயிற்றுப் பசியும் போகவில்லை. அடை காத்த கோழி முட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஜெயத்தின் வயிற்றுப் பிள்ளை அந்த நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே காலை ஊன்றியிருந்தது. அந்தக் கால் பிறகு எடுக்கப்படவே இல்லை. ஜெயம் அந்த இடத்தைத் தடவித் தடவி, பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று அழுதாள். முதல் வாய்தாவுக்குத் திண்டிவனம் போக வேலியைத் தாண்டியதும் பிள்ளை புரண்டு உதைத்தது. பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனாள். சாயங்காலம் திரும்பி வந்து எல்லைக்குள் காலை வைத்ததும் எல்லாம் நின்றது.

சவுரிராயனின் அக்கா செண்பகம் பிரசவம் பார்க்கிறவள். வேலிக்கு வெளியே நின்றபடியே கணக்குச் சொன்னாள். “எட்டு மாசம் முடிஞ்சி அஞ்சி நாளு ஆவுது. மிச்சம் முப்பத்தஞ்சி நாளு. கோர்ட்டுக்குப் போய்க்கினு வந்தா ஒவ்வொரு வாட்டியும் அரை நாளு கழியும். எழுவது வாய்தா தாங்குவ ஜெயம். அதுக்கு மேல அது உன் பேச்சயும் கேக்காது, ஜட்ஜு பேச்சயும் கேக்காது.”

வெளியே போய்ப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று ஜெயம் வக்கீலைக் கேட்டாள். வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ நாலு நாள் வெளிய தங்கினாலே, குடியிருப்பு இல்லன்னு அவங்க உள்ள பூந்துடுவாங்கம்மா. பட்டா உன் பேருல இருக்கு, உன் புருஷன் இருந்து பிரயோஜனம் இல்ல. அதுவும் போவட்டும். கொழந்தய எப்படி உள்ள கொண்டாருவ? உத்தரவு தேதியில அங்க இல்லாத ஆளாச்சே அது. கோர்ட் அவமதிப்புன்னு மனு போட்டுடுவாங்க.” தன் பேனாவால் வந்த வினை இது என்று அவருக்குத் தெரியும். ஜெயத்தின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது.

செண்பகத்தையே உள்ளே விட முடியாமல் போனதும் இதனால்தான். புது ஆள் யார் நுழைகிறார்கள் என்று பார்க்க சக்கரபாணி வேலியோரம் விருத்தாசலம் என்கிற ஆளைப் போட்டிருந்தார். செண்பகம் சொன்ன கணக்கு அவன் காதில் விழுந்து, அன்றைக்கே சக்கரபாணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அவருடைய வக்கீல் வழக்கை நடத்தவில்லை, வாய்தாவை நடத்தினார். பத்திரத்துச் சாட்சி முகையூரில் இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. சாட்சி வந்தால் வக்கீலுக்குத் தொண்டைக் கட்டு. தொண்டை சரியானால் பத்திரத்தின் நகல் வரவில்லை. ஜெயம் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாளா என்று தெரிய வேண்டும், அதனால் ஒவ்வொரு தடவையும் அவளே நேரில் வர வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உத்தரவைத் திருத்தக் கோரிய வெங்கடாசலத்தின் மனு திண்டிவனத்தில் ஐம்பத்திரண்டு வாய்தா தின்றுவிட்டுத் தள்ளுபடி ஆனது. அப்பீல் விழுப்புரம் போனது. ஜெயம் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போகவில்லை, கூடப் பிறந்தவளின் கல்யாணத்துக்குப் போகவில்லை. மிச்சமிருந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் கோர்ட்டுக்கென்று எடுத்து வைத்தாள். கோர்ட் வராந்தாவில் காத்திருக்கும்போது பிள்ளை அசைந்தால் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், மிச்ச நாள் கரைகிறதே என்று பயமாகவும் இருக்கும்.

எழுபதாவது வாய்தா 1986 செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மாதா பிறந்தநாள். விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இடுப்பில் வலி எடுத்துவிட்டது. வலிக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வழக்கைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். ஜெயம் முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கம்போல வாய்தா கேட்டார். ஜட்ஜ் அதை மறுத்துவிட்டு இரண்டு பக்கமும் வாதம் கேட்டார். கேட்டுவிட்டு, கோர்ட்டுகளில் எப்போதும் சொல்கிற மாதிரி, உத்தரவு பதினேழாம் தேதி என்று சொல்லி அடுத்த வழக்கை எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது.

பஸ்ஸில் வலி ஏறிக்கொண்டே வந்தது. திண்டிவனத்தில் இறங்கி வண்டி மாறும்போது சவுரிராயன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான். “இங்கயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் ஜெயம். நெலம் போனா போவுது.”

“போனா நீயும் நானும் குவாரில கெடந்து பொழச்சிக்குவோம்யா. வெளிய பொறந்தா இது எந்த வாசல்ல நொழையும்? வா ஜல்தியா, வண்டி கெளம்புது.”

எல்லைக்குள் அவள் கால் வைத்தபோது ஒரு பெரிய வலி பாதி ஏறியிருந்தது. அது அந்தப் பாதியிலேயே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒன்பது நாள் அப்படியே இருந்தது. பெற்றவர்களுக்குத் தெரியும், எந்த வலியும் ஒரு மூச்சு விடவாவது இடம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. ஜெயம் குடிசைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள், உட்கார்ந்தாள், மண்ணில் புரண்டாள், மாதாவைக் கூப்பிட்டாள், மாதாவைத் திட்டவும் திட்டினாள். செண்பகம் வேலிக்கு அப்பால் நின்று, “மூச்ச வுடு, மூச்ச வுடு” என்று ஒன்பது நாளும் கத்தினாள். சவுரிராயன் குவாரிக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் பத்துப் பதினைந்து தடவை வெளியே போய்விடலாம் என்று அவளைக் கெஞ்சியிருப்பான். இப்போது அவள் பின்னாலேயே போய் இடுப்பை நீவிக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் சக்கரபாணியே வந்தார். அவர் வீடு தூரமில்லை, சத்தம் அவர் வீட்டுக் கூடம் வரைக்கும் கேட்டது. இரண்டு நாளாக அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு, “வெளிய வந்து பெத்துக்கம்மா. நான் உள்ள பூர மாட்டேன். கொழந்தயத் தூக்கினு நீ தாராளமா உள்ள போ” என்றார்.

ஜெயம் கம்பத்தை விடாமல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “எழுதிக் குடுங்க.”

சக்கரபாணி வேலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினேழாம் தேதி மத்தியானம் சீனுவாசன் சைக்கிளில் வந்தார். நாலு வருஷத்தில் அவருக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. ஆனால் வாசிக்கிற பழக்கம் மாறவில்லை. செண்பகம் அவர் பின்னாலேயே ஓடி, “ஐயா, சுருக்கமாப் படிங்கய்யா” என்று கும்பிட்டாள். ஒரு எழுத்து விட்டாலும் உத்தரவு செல்லாது என்று அவர் பயந்தார். அந்தப் பயம் நியாயமானதுதான். வடகிழக்கு மூலையில் படித்தார், தென்கிழக்கில் படித்தார், தென்மேற்கில் படித்தார். வடமேற்கு மூலையில், “உயிருள்ளவை நீங்கலாக, மற்ற சகலமும் இன்றுள்ள நிலையிலேயே” என்று முடித்தபோது, நின்றிருந்த பாதி வலி ஏறி முழுசானது. ஜெயம் போட்ட சத்தம் பெருமுக்கல் மலை வரைக்கும் போனது. செண்பகம் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அரை மணி நேரத்தில் பெண் பிறந்தது. கோழியின் கீழே முட்டைகள் பொரிந்தன. ஜெயம் பிள்ளையின் வலது காலைப் பிடித்துப் பார்த்து, நன்றாக மடங்குகிறது, நன்றாக நீள்கிறது என்று தெரிந்த பிறகுதான் அழுதாள்.

அசல் வழக்கில் முகையூர்ச் சாட்சி நிற்கவில்லை. 1989இல் நிலம் ஜெயத்துக்கே என்று ஆனது. அந்த வழக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் போடவில்லை. ஆனால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அதற்கப்புறம் டைப் ஆன இந்த மாதிரி உத்தரவுகளில் ‘உயிருள்ளவை நீங்கலாக’ என்ற வரி தானாகவே சேர்ந்துகொண்டது. பம்புசெட் தகராறு, சுற்றுச்சுவர் தகராறு எதுவானாலும் அந்த வரி இருக்கும். ஏன் என்று கேட்டால் குமாஸ்தாக்கள், முந்தின உத்தரவில் இருந்தது என்பார்கள். அந்தப் பக்கத்தில் வழக்கு முடியும்வரை கர்ப்பமாக இருந்த பெண்கள் பிறகு யாருமில்லை.

பிள்ளை பிறந்த அன்றைக்கு மத்தியானம், அமீனா அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, விருத்தாசலம் வேலியோரத்திலிருந்து ஆட்சேபம் சொன்னான். “உள்ள புது ஆளு இருக்குது சார். எண்பத்திரண்டுல இல்லாத ஆளு. அத எழுதிக்கோங்க.”

சீனுவாசன் பேனாவை மூடாமல், குழந்தையையும் அதைப் பிடித்திருந்த ஜெயத்தையும் பார்த்தார்.

“யாரு சொன்னது? நான் மொதல் உத்தரவு கொண்டாந்த அன்னிக்கே இது இங்கதான் இருந்துது. நானே பாத்தேன்” என்றார்.

பிறகு குனிந்து, உத்தரவு நாலு மூலையிலும் வாசிக்கப்பட்டது, 1982 முதல் நிலத்தில் தொடர்ந்து குடியிருந்து வருபவர்கள் மூன்று பேர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.