மூடுபனியைக் காணாத படம்

“கண்ணு இருக்குறவன் ஏத்துற கொடியாடா இது?” என்று மினாயோ போட்ட சத்தத்தில், களத்தில் குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தன.

“அக்கா, நான் சாட்டிலைட் படத்தைப் பாத்துட்டுதான் ஏத்துனேன். கடல் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு” என்றான் இசாமு, கைப்பேசியை நீட்டியபடி.

“துடைச்சு வெச்சது கடலை இல்ல, எங்க பொழப்பை! உன் கூடப்பொறந்த அக்கா வீட்டுல பாசி உலர்த்துற மிஷின் வந்துருச்சுல்ல, இனி யாருக்கு வெயிலு வேணும்?” என்று பக்கத்து விரிப்பிலிருந்து குரல் கொடுத்தார் செகினோ. எந்தச் சண்டையிலும் அழைக்காமலே வந்து சேர்ந்துகொள்வது அவர் வழக்கம்.

நம் கரையில் வெள்ளைக் கொடி ஏறினால்தான் படகுகள் கடற்பாசி வெட்ட இறங்கும். வெட்டிய பாசியைக் கூழாங்கல்லில் நீட்டி விரித்தால் அன்றைக்கே வெயில் அடித்துக் காய வேண்டும். இல்லையென்றால் மட்ட ரகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். விடியுமுன் வானம் பார்த்துக் கொடியேற்றும் பொறுப்பு இந்த ஆண்டு இசாமுவுக்கு. அவன் கொடியை ஏற்றினான், படகுகள் போய் வந்தன, பாசியை விரித்து முடிப்பதற்குள் முனைக்கு அப்பாலிருந்து மூடுபனி வந்து எல்லார் தலையிலும் ஈரத்துணி போட்டதுபோல உட்கார்ந்துவிட்டது. மிஷின் வைத்திருக்கும் அவன் சொந்த அக்காவைத் தவிர ஊரே நஷ்டப்பட்டது. மறுநாள் சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் அவனிடமிருந்து கொடியைப் பிடுங்குவது என்று பேச்சாயிற்று. கொடியோடு மானமும் போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

மினாயோவும் பிடுங்கத்தான் சொன்னாள். ஆனால் அவளிடம் ஒரு குணம் உண்டு. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட மூடியைத் திறந்து பார்க்காமல் நம்பமாட்டாள். அந்தப் படம் வேறு ஏதோ நாளினுடையது என்று நிரூபிக்க வேண்டும் என்ற அரிப்பில், மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் எழுந்து தன் கைப்பேசியில் அதே இடத்தின் அன்றைய படத்தைத் திறந்தாள்.

கடல் வெறுமையாக, கருப்பாக, சுத்தமாக இருந்தது.

ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை. மூடுபனி மூக்கிலேயே ஏறியது.

“இதென்னடா கூத்து?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். இருட்டில் எடுக்கும் படம் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, மேலிருந்து தெரியும் சூட்டையும் குளிர்ச்சியையும் பார்க்கிறது என்று போட்டிருந்தது. உயரத்து மேகம் சில்லிட்டுக் கிடப்பதால் வெள்ளையாகத் தெரியும். சரி, மூடுபனி?

குளியல் தொட்டிக்கான வெப்பமானியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். கடலில் முக்கிப் பார்த்தாள். பிறகு துடைத்து, பனிக்குள் கையை நீட்டி வெகுநேரம் பிடித்திருந்தாள். அந்தக் கோலத்தில் அவளை நான் மட்டும் பார்க்கவில்லை, ஓடிய சத்தம் கேட்டுப் பின்னாலேயே வந்த மூன்று வீடு பார்த்தது. கடலுக்கும் பனிக்கும் அநேகமாக ஒரே குளிர். கடல்மேல் கடல் நிறத்திலேயே போர்வை போட்டுக்கொண்டு படுத்திருந்தால் எந்தக் கண்ணுக்குத்தான் தெரியும்?

வெயில் மேலே ஏறியதும் வெளிச்சத்தில் எடுக்கும் படம் வந்தது. அதில் கடல் முழுக்கத் தோஃபுக் கட்டிபோல ஒரே வெள்ளை, முனையைச் சுற்றி வளைந்து, நம் ஊரை மூடிக்கொண்டு. “இதுக்கு அடியிலதான் நான் நிக்கிறேனா!” என்று அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் செகினோ எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“இசாமு பொய் சொல்லல. நான்தான் வாய் விட்டுட்டேன். அந்தப் படமும் பொய் சொல்லல, நம்ம கேக்காததுக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?”

“இவ்ளோ நேரம் அவன் கழுத்தைப் பிடிச்சவ நீதானே?” என்றார் செகினோ.

“பிடிச்ச கையே விடுது. உங்களுக்கு என்ன வலிக்குது?”

சிரிப்பு எழுந்தது. வெப்பமானி கைக்குக் கை சுற்றிவந்தது. எல்லாரும் அதைக் கோயில் பிரசாதம்போல வாங்கிப் பார்த்தார்கள். கொடி இசாமுவிடமே இருக்கட்டும், ஆனால் வெளிச்சத்தில் எடுக்கும் படம் வந்த பிறகுதான் ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. காய்கிற நேரம் குறையுமே என்று இரண்டு பேர் முனகினார்கள். அவர்கள் எதற்குத்தான் முனகவில்லை?

இசாமு அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மினாயோவின் கதவைத் தட்டி, “அக்கா, கொஞ்சம் பாருங்களேன்” என்பான். அக்கா என்பதெல்லாம் வாய்க்குத்தான் என்று நாங்கள் அவர்கள் இருவருக்கும் கல்யாணத் தேதிவரை பேசிவிட்டோம். அவனோ அடுத்த வசந்தத்தில் உலர்த்தும் மிஷின் பழுது பார்க்க வந்த நெமுரோ ஊர்க்காரியைக் கட்டிக்கொண்டான். மினாயோ தபால்காரர் ஒருவரை மணந்து, இதே தெருவில் இன்னும் பெரிய ஜன்னலுள்ள வீட்டுக்குப் போனாள். செகினோ மகனோடு ஒபிஹிரோவுக்குக் குடிபோய்விட்டார். அங்கே கடலே கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் படத்தைப் பார்த்துவிட்டு மினாயோவுக்குப் போன் போடுகிறார்: “உன் தலைக்கு மேல வெள்ளையா இருக்கு, தெரியுமா?”