மூன்றாவது கை

சுவரைப் பற்றி எது கேட்டாலும் செல்லப்பாண்டியிடம் பதில் உண்டு. தாராவியில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஜெயினுலாப்தீன் டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் தன் வீட்டுச் சுவரின் வியாதியைச் சொல்லிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். அவனும் டீயை ஆறவிட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொல்லுவான். சுண்ணாம்பை எட்டு நாளாவது ஊற வை. பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டு. முதல் கை மேலிருந்து கீழே அடி, இரண்டாவது கை குறுக்கே அடி. ஒரு பூச்சை ஒரு கை என்பது பம்பாய்ப் பெயிண்டர்களின் கணக்கு. இரண்டு கைக்கும் நடுவே ஒரு நாள் காயட்டும். மூன்றாவது கை வேண்டும் என்று எவனாவது சொன்னால், அவன் உன் தலையில் மிளகாய் அரைக்கிறான். சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டாமல் அதன்மேல் டிஸ்டெம்பர் வர்ணம் அடிக்காதே, ஒரு மழைக்காலம் தாங்காது.

கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டது கிடையாது.

அவர்களைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. செல்லப்பாண்டியின் மனைவி ஆறுமுகத்தாய் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. அவன் தங்கியிருந்த அறையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள் என்றாலும், ஐந்து பேருக்கும் மில்லில் இரவு ஷிப்ட். இவன் திரும்பி வரும்போது அவர்களுடைய சட்டைகள்தான் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகும் இடத்திலாவது மனித முகம் உண்டா என்றால், அதுவும் இல்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றால் வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முன்னூறு வீடாவது அவன் பார்த்திருப்பான். எல்லாம் சாமான் ஒதுக்கிய வீடு, ஆள் இல்லாத வீடு. தனியாக இருந்து இருந்து அவனுக்குச் சுவரோடு பேசும் பழக்கம் வந்துவிட்டது. பேசுகிறோம் என்பது தெரிந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்வான்.

ஒரு வீடு மட்டும் விலக்கு. மாட்டுங்காவில் வாலாம்பாள் மாமியின் வீடு.

கணவன் உள்ள பெண்கள் நோற்கும் வரலக்ஷ்மி நோன்புக்கு, பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளி முகம் வைத்த கலசம் வந்துவிட்டது. மாமி மட்டும் பழைய வழக்கப்படி கூடத்துச் சுவரில் அம்மனைக் கையால் எழுதுவாள். அதற்கு அந்த ஒரு சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சுவருக்காக எந்தப் பெயிண்டர் மெனக்கெட்டு வருவான்? செல்லப்பாண்டி வருவான். ஆறு வருஷமாக, ஆடி பாதியில் அவனுக்கு ஒரு கார்டு வரும். 'பாண்டிக்கு ஆசீர்வாதம். அம்மன் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும். உடனே வரவும்.' டீக்கடை விலாசத்துக்கு வரும் அந்தக் கார்டு ஒன்றுதான் வருஷம் முழுவதிலும் அவன் பேருக்கு வரும் தபால்.

அந்த வீட்டில் யாரும் வெளியே போகமாட்டார்கள். மாமி எதிரே மணை போட்டு உட்கார்ந்து, அங்கே ஒரு திட்டு, இங்கே ஒரு திட்டு என்று அவனை விரட்டிக்கொண்டே இருப்பாள். ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஜம்புநாத ஐயர், மாமியின் கணவர், சாய்வு நாற்காலியிலிருந்து மாமியைக் கேலி செய்துகொண்டிருப்பார். நடுவில் காப்பி வரும். அவனுக்கென்று தனி டம்ளர், ஜன்னல் ஓரத்தில் இருக்கும். குடித்ததும் அவனே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதில் ஒரு முள் இருப்பது செல்லப்பாண்டிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பம்பாயில் அவனுக்கென்று ஒருவர் எடுத்து வைத்திருந்த ஒரே டம்ளர் அதுதான். முதல் நாள் ஒரு கை, மறுநாள் ஒரு கை. வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த பேச்சு அந்த இரண்டு நாள் பேச்சு.

பம்பாயில் டிராமை நிறுத்திய வருஷம் அது. ஆடி பாதி போய், ஆடி முடிந்து, ஆவணியும் பிறந்துவிட்டது. கார்டு வரவில்லை.

தினமும் டீக்கடையில் கேட்டான். பத்து நாள் பொறுத்துப் பார்த்த ஜெயினுலாப்தீன், கார்டு வந்தால் தானே கூப்பிட்டுக் கொடுப்பதாகவும், இதற்காக அடுப்பு வேலையை விட்டு எழுந்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். செல்லப்பாண்டி அதற்கு முன்பே சுண்ணாம்பை வாங்கி மண்பானையில் ஊற வைத்திருந்தான். அது ஊறி, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்து, இப்போது அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கார்டு ஏன் வரவில்லை என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தான். எல்லாம் போன வருஷம் செய்த கூத்து. போன வருஷம் செம்பூர் வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டு, நோன்புக்கு முதல் நாள்தான் போய்ச் சேர்ந்தான். மழையில் சுவர் காயவேயில்லை. மறுநாள் விடிந்தால் நோன்பு, மாமி என்ன செய்வாள்? ஈரச் சுவரிலேயே எழுத உட்கார்ந்துவிட்டாள். காவியால் கோடு, விளக்குக் கரியால் கண், எல்லாம் சரியாகத்தான் வந்தது. முகத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். காயாத சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவசரத்தில் மாமிக்கு அது நினைவில்லை, செல்லப்பாண்டிக்கும் நினைவில்லை. கண் எதிரே அம்மனின் முகம் செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டது.

மாமிக்கு அழுகை வந்துவிட்டது. அபசகுனம் என்றாள், அவனைத் திட்டினாள். செல்லப்பாண்டி வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருடனாட்டம் நின்றான். அவன் வாயில் வந்தது ஒரே ஒரு தொழில் சமாதானம்தான். "ஈரச் சுண்ணாம்புல எழுதுன கோடு லேசுல அழியாதும்மா. தண்ணி ஊத்தினாலும் நிக்கும்."

இப்போது அதை நினைத்தால் அவனுக்கே எரிச்சலாக இருந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிடட்டும், நமக்கென்ன என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தான். மூன்றாம் நாள் காலையில் சுண்ணாம்பை வடிகட்டி வாளியில் ஊற்றி, மட்டையை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தான். அந்தப் பக்கம் வேலையாக வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டை விட்டால் அவனுக்குப் போக வேறு வீடு இல்லை. அதை நினைத்தபோது கால் தானாகவே வேகமாக நடந்தது.

கதவைத் திறந்தது மாமிதான். நெற்றியில் குங்குமம் இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. செல்லப்பாண்டி வாளியைக் கீழே வைத்தான். கார்டு ஏன் வரவில்லை என்று இப்போது புரிந்தது. புரிந்ததும், தன்னை விலக்கவில்லை என்று ஒரு நொடி மனசு லேசானது. அப்படி லேசானதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஐயர் ஐப்பசியில் போய்விட்டார், நோன்பு முடிந்து இரண்டே மாதத்தில். தூக்கத்திலேயே போய்விட்டதாக மாமி சொன்னாள். மகன் ஜகந்நாதன் கோட்டைப் பக்கம் ஆபீஸுக்கும், மருமகள் அம்மிணி பள்ளிக்கூடத்து வேலைக்கும் போய்விடுவார்கள். மாமி பகல் முழுவதும் தனியாக இருந்தாள். சாய்வு நாற்காலி மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் அவனுடைய டம்ளர் மட்டும் கவிழ்த்தபடி இருந்தது.

அப்புறம்தான் அம்மன் சுவரைப் பார்த்தான். சுவர் முழுக்கப் பச்சை டிஸ்டெம்பர். எவனோ அவசரத்தில் அடித்த வேலை. மட்டைத் தடம் தெரிந்தது, அடியில் ஓரம் பொக்கைவிட்டு எழும்பியிருந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருக்கிறான் என்று கையால் தொடாமலே சொல்லிவிடலாம்.

மாமி தானாகவே சொன்னாள். ஐயர் போனபிறகு அவள் நாள் முழுக்க அந்த அம்மனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஜகந்நாதனுக்குப் பயம் வந்துவிட்டது. வருஷம் திரும்பட்டும் என்றுகூடப் பார்க்காமல், ஒரு நாள் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பச்சை அடித்துவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான், அவன்மேல் கோபமில்லை என்றாள். கோபம் இருப்பது குரலில் தெரிந்தது.

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு, போன வருஷம் தான் நேரத்துக்கு வந்திருந்தால் அம்மன் முகம் சிவந்திருக்காது என்றான். 

மாமி அவன் பக்கம் திரும்பினாள். "நீ போனப்பறம் மாமா என்ன சொன்னார் தெரியுமோ? 'ஏண்டி அழறே, அம்பாளுக்குக் கோபம் இல்லே, வெட்கமாக்கும். நீ முகத்துக்குப் பூசிவிட்டா யாருக்குத்தான் வெட்கம் வராது'ன்னார். நாப்பத்திரண்டு வருஷத்திலே அன்னிக்குத்தான் நான் அப்படிச் சிரிச்சேன். அதுக்காகத்தான் அதைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். ஜகந்நாதனுக்கு அது எப்படித் தெரியும்?"

பிறகு, தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும் என்று நீதானே சொன்னாய், அது நிஜமா என்று கேட்டாள். ஒரு தரம் பார்த்தால் போதும். பார்த்துவிட்டு நீயே வெள்ளை அடித்து மூடிவிடு, பச்சை உரிந்தது, பாண்டி சரிபண்ணினான் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

செல்லப்பாண்டி சுவர் அருகே போனான். டீக்கடையில் ஆயிரம் யோசனை சொல்லிவிடலாம், சொன்னதை யாரும் வந்து சோதிப்பதில்லை. இங்கே ஒரு பொம்பளையின் கடைசிச் சிரிப்பு அந்தப் பச்சைக்கு அடியில் இருந்தது. அது போய்விட்டிருந்தால் அவன் மறுபடி எந்த முகத்தோடு இந்தப் படியேறுவான்?

வெந்நீர் கேட்டு வாங்கினான். பழைய துணியை நனைத்து, பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். டிஸ்டெம்பர் பசை இளகிப் பச்சை பச்சையாகத் துணியில் வந்தது. முதலில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது.  அப்புறம் ஒரு காவிக் கோடு தெரிந்தது. கழுத்து, காது, தோடு. ஒரு மணி நேரம் ஆனது. கரியால் எழுதிய இரண்டு கண்ணும் திறந்தபோது, தன் பின்னால் மாமி மூச்சு விடுவதை அவன் கேட்டான்.

கோடு நின்றுவிட்டது. மஞ்சள் நிற்கவில்லை. முகத்தில் சிவப்பு இல்லை, வெளிறின மஞ்சள் சாயல் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. மாமி கிட்டே வந்து பார்த்தாள்.

"சிவப்பு போயிடுத்து," என்றாள்.

"ஆமாம்மா." துணியைப் பிழிந்து கீழே வைத்தான்.

பரவாயில்லை, பார்த்தாயிற்று, அடித்துவிடு என்று சொல்லிவிட்டு மாமி மணையில் போய் உட்கார்ந்தாள். செல்லப்பாண்டி மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினான். இந்தச் சுவரோடு இந்த வீட்டில் தன் வேலை முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. இனி இங்கே யாரும் அம்மன் எழுதப்போவதில்லை. மருமகள் நோன்பு எடுத்துக்கொண்டாலும் வெள்ளி முகம்தான். கார்டு வராது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தான்.

ஈரமாக இருக்கும்வரை சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பது தெரியும். அந்த ஈரத்துக்குள் அம்மனின் கன்னம் மெல்லச் சிவந்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. ஈரச் சுண்ணாம்பு பட்டதும் மிச்சமிருந்த மஞ்சள் மறுபடி சிவக்கிறது. இரண்டு கன்னமும், நெற்றியும், மோவாயும் சிவந்தன. போன வருஷம் பார்த்த அதே சிவப்பு.

மாமி சிரித்தாள். சத்தமாகச் சிரித்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்கு மேலே கண்ணிலிருந்து நீர் வழிந்தது. செல்லப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. மட்டையை வாளியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பெய்து நின்று மறுபடி பெய்தது. சுவர் காயக் காய வெளுத்தது. முதலில் காது போயிற்று, பிறகு தோடு, பிறகு கோடுகள் எல்லாம். கன்னத்துச் சிவப்பு மட்டும் கொஞ்சம் தாமதித்தது. மூன்று மணிக்கு அதுவும் போய், சுவர் சுத்த வெள்ளையாக நின்றது.

மாமி எழுந்து காப்பி கலந்து, ஜன்னல் ஓரத்து டம்ளரில் ஊற்றி வைத்தாள். அவன் குடித்தான். இதை முடித்தால் கிளம்ப வேண்டும் என்பதால் மெதுவாகக் குடித்தான். நாளைக்கு வந்து இரண்டாவது கை அடித்துவிட்டால் தீர்ந்தது என்று மாமி சொன்னாள்.

"ரெண்டு கை பத்தாதும்மா," என்றான் செல்லப்பாண்டி. சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. இருபது வருஷமாக எவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லி வந்தானோ, அவன் குரலாகவே அது இருந்தது. "மஞ்ச ஊறும். மூணு கை அடிக்கணும். நாளைக்கு ஒண்ணு, நாளான்னிக்கு ஒண்ணு."

மாமி சுவரைப் பார்த்தாள். ஒரு துளி மஞ்சள் கிடையாது. ஆறு வருஷம் எதிரே உட்கார்ந்து அவன் அடித்த கைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினவள் அவள்.

"மூணே இருக்கட்டும்," என்றாள். "நன்னாக் காயட்டும், கேட்டயா. அவசரமே இல்லே."

அவன் எழுந்து டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனான். அதை அங்கேயே வைத்துவிட்டுப் போ, நான் கழுவிக்கொள்கிறேன், நாளைக்கும் வேண்டுமே என்று மாமி உள்ளேயிருந்து சொன்னாள்.