மாற்று கோல்கீப்பர்

ஒருவர் செத்துவிட்டார் என்று நேரே சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. முதலில் "கொஞ்சம் சுகமில்லை" என்பார்கள். பிறகு "ஆஸ்பத்திரியில்" என்பார்கள். கேட்பவர் தாங்கிக்கொள்ளட்டும் என்று படிப்படியாக இறக்குவார்கள். யோசப்பின் என்கிற அக்காவும் அப்படித்தான். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் நானும் அவரும் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், அங்கே இருக்கும் கொன்ராட்டிடம் அவர் செய்ததும் அதுதான்.

கொன்ராட் 1950களில் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர். அதாவது, மாற்று கோல்கீப்பர். முதல் ஆள் வில்லி, அவருடைய உயிர் நண்பன். வில்லிக்கு அடிபட்டால்தான் கொன்ராட் இறங்கலாம். அந்தப் பாவி வில்லிக்கோ ஒரு விரல்கூடச் சுளுக்கவில்லை. கொன்ராட் இளமை முழுவதையும் பெஞ்சிலேயே தேய்த்துவிட்டு, முதல் அணிக்காக ஒரு ஆட்டமும் ஆடாமலே ஓய்ந்துபோனார். இப்போது மகளின் பெயர்கூட அவருக்கு மறந்துவிட்டது. வில்லியை மட்டும் மறக்கவில்லை. வாராவாரம் வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போகும் நண்பனை எப்படி மறப்பது?

போன கிழமை வில்லி இறந்துபோனார். கொன்ராட்டின் மகள் தொலைபேசியில் அக்காவிடம் அழுதார். "அப்பாவிட்டச் சொல்ல எனக்கு ஏலாது, நீங்களே சொல்லிவிடுங்கோ."

அக்கா கொன்ராட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மன் மொழியில் மெதுவாக ஆரம்பித்தார். "உங்கட வில்லிக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்."

கொன்ராட் நிமிர்ந்தார். "அடிபட்டிட்டுதோ? விளையாட ஏலாதோ?"

"ஏலாது," என்றார் அக்கா, அடுத்த படிக்குப் போகலாம் என்று நினைத்து.

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எழுந்து நிற்க இருவர் பிடிக்கவேண்டிய மனிதர், கட்டில் விளிம்பைப் பிடித்துத் தானாகவே எழுந்தார். "என்ர சப்பாத்தைத் தாங்கோ. பஸ் போயிடும்."

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா," என்றேன் தமிழில்.

"எப்பிடியடி சொல்லுறது? அந்த முகத்தைப் பார்."

சப்பாத்தைப் போட்டுவிட்டோம். அவர் வாசல் கதிரையில் இருந்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கியபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இண்டைக்கு நான்தான்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை; வயிறு நிறைந்தால் பந்துக்குப் பாய முடியாதாம். கடைசியில் நான்தான் அவர் முன்னால் குந்தியிருந்து சொன்னேன்.

"கொன்ராட் ஐயா, வில்லி செத்துப்போனார்."

அவருக்குக் கண்கள் நிறைந்து வழிந்தன. பிறகு குனிந்து சப்பாத்தை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அப்ப ஆட்டத்தை நிப்பாட்டிப்போடுவாங்கள்," என்றார்.