இரண்டு டீச்சர்களும் ஒரு பிங்கோ கூண்டும்

என் கணவன் வின்ஸின் வயிற்றுக்குள் வேலை செய்யும் சிறுநீரகம் மார்சி கொடுத்தது. நானும் அவளும் மூன்றாம் வகுப்பு டீச்சர்கள், பக்கத்துப் பக்கத்து அறை. ரத்த உறவெல்லாம் கிடையாது. வின்ஸின் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டபோது, "எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு சும்மாதானே கிடக்கு" என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து காலையில் என்னைப் பார்த்தால் வணக்கம் கிடையாது. "என் பிள்ளை எப்படிடி இருக்கான்? உன் புருஷன் நேத்து பீர் குடிச்சானா?" என்றுதான் கேட்பாள். பிள்ளை என்றால் அவள் கொடுத்த சிறுநீரகம்.

இந்த வசந்தத்தில் எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை என்றார்கள்.

மாநிலத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் புண்ணியவான்கள் பள்ளிக்கூடப் பணத்தில் கைவைத்துவிட்டார்கள். ஓவிய டீச்சர் போனாள், நூலகர் போனார், கடைசியில் மூன்றாம் வகுப்பில் ஓர் அறையை மூடுவதென்று முடிவானது. பிந்திச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது விதி. நானும் மார்சியும் பள்ளிக் குழுவின் ஒரே கூட்டத்தில், ஒரே கைதூக்கலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். அப்படியானால் குலுக்கல். பென்சில்வேனியாவின் எங்கள் சுரங்க ஊரில் குலுக்கல் என்றால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எண் போட்ட பந்துகளைப் போட்டுச் சுற்றும் பிங்கோ கூண்டுதான். வெள்ளிக்கிழமை மீன் விருந்து முடிந்ததும் கிழவிகள் பிங்கோ ஆடிப் போர்வையும் பன்றித் தொடைக் கறியும் ஜெயிக்கிற அதே கம்பிக் கூண்டு. பெரிய எண் வந்தால் வேலை, சின்ன எண் வந்தால் வீடு.

சம்பளம் போனால் போகட்டும், எங்கேயாவது தட்டுக் கழுவுவேன். ஆனால் வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும். வேறொருவருடைய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வின்ஸ் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும், சாகும்வரை. அதைக் கைக்காசு போட்டு வாங்கக்கூடியவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. மார்சிக்கும் அதே காப்பீடுதான். மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிறவள் அவள்.

முதல் குலுக்கலை நடத்தியவர் ஹாலோவே, எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவர். அந்த நாற்காலியில் இரண்டு வருஷத்தில் அவர் மூன்றாவது ஆள். தன் அறையிலேயே கூண்டை வைத்துச் சுற்றினார். எனக்கு அறுபத்தெட்டு விழுந்தது. மார்சிக்கு இருபத்துமூன்று.

கத்திவிட்டேன். "கர்த்தரே, கர்த்தரே!" என்று மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினேன். எதிரே இருப்பது மார்சி என்பதே மறந்துபோனது. அவள்தான் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "சரி விடு. என் பிள்ளைய ஒழுங்கா பாத்துக்க" என்றாள். அன்று மாலையே தன் அறைச் சுவரிலிருந்து பிள்ளைகளின் படங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் பெரிய ஊரில் பெரிய சம்பளம் கிடைத்து ஹாலோவே கிளம்பிப் போனார். அடுத்து வந்தவர் டாக்டர் பெர்க் என்ற அம்மாள். பள்ளிக் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் நடக்காத குலுக்கல் செல்லாது, மறுபடியும் நடத்த வேண்டும் என்று முதல் வேலையாக அறிவித்தார். பாவி மனுஷன், ஒரு கூண்டைக்கூட முறையாகச் சுற்றத் தெரியாமல் போய்விட்டானே என்று வயிறெரிந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனால், வின்ஸ் சமையலறையில் கத்தியை வைத்து மாத்திரையை வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"மிச்சம் பிடிக்கிறேன், டெனிஸ். குலுக்கல் ஆரம்பிச்சதுலேர்ந்தே பாதிதான் போடுறேன். ஒண்ணும் ஆகல, பாரு."

"ஆகும்போது உங்கிட்ட சொல்லிட்டா ஆகும்? அறிவிருக்கா உனக்கு?" கத்தியைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் எறிந்தேன். அவன் மேசையில் சிதறிய தூளை விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மார்சியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கழற்றிய படங்களை அவள் திரும்பவும் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மார்சி, நீயா விலகிக்கடி. உன் கால்ல விழறேன்."

"நல்லாருக்கே! அன்னைக்கு நான் தோத்தப்ப வாயத் தெறந்தேனா?"

"அவன் மாத்திரைய வெட்டிப் பாதிபாதியா போடுறான்டி."

அவள் கையிலிருந்த படம் கீழே விழுந்தது. "என் சிறுநீரகத்தப் பட்டினி போடுறானா அவன்? எவ்வளவு திமிரு!" என்று கத்தினாள். பிறகு பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள். விழுந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, குடுத்தேன். இதையும் கேக்காதடி. நீ இன்னொரு தடவை கேட்டா குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு. போயிரு."

போய்விட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாவது குலுக்கல் நூலகர் இல்லாத நூலகத்தில் நடந்தது. பள்ளிக் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பெர்க் என் பெயரைத் தப்பாகப் படித்தார், திருத்தத் தெம்பில்லை. கூண்டு சுற்றியது. எனக்கு நாற்பத்தொன்று. கெட்டதென்றும் சொல்ல முடியாத, நல்லதென்றும் நம்ப முடியாத எண். சின்னதாய் வா, சின்னதாய் வா என்று மார்சியின் பந்தை மனதுக்குள் கெஞ்சினேன்.

நாற்பத்துநான்கு.

"கர்த்தரே!" என்று மார்சி கத்தினாள், நான் கத்திய அதே கத்தல். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். குதித்த வேகத்தில் அவள் வலது கை தானாக இறங்கி, சிறுநீரகம் எடுத்த தழும்பு இருக்கும் விலாப்பக்கம் போய் நின்றது. அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வின்ஸ்கிட்ட சொல்லு, டெனிஸ். மாத்திரைய வெட்ட வேண்டாம்னு சொல்லு. முழுசா போடச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

எதை வைத்து முழுசாகப் போடுவது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.