மாந்தோனுக்கு மேலே

வசந்தமலர் வந்த மூன்றாம் நாள் காலை, "வா, மலைப்பக்கம் ஒருக்கா போயிட்டு வருவம்" என்றார் பார்த்தீபன் அண்ணா. முதல் இரண்டு நாளும் கடற்கரையிலேயே கழிந்திருந்தன. ஆக்லாந்தின் ஜூலைக் குளிரிலிருந்து வந்தவளுக்கு அந்த வெயிலில் கண் கூசியது. இத்தாலி எல்லையை ஒட்டி, பிரான்சின் தெற்குக் கரையில் இருந்தது மாந்தோன். தெருவோரமெல்லாம் எலுமிச்சை மரங்கள். பிரான்சுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் பாரிஸில் கூடி வாழ, அண்ணா மட்டும் முப்பத்திரண்டு வருடமாக இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில், கலியாணமும் கட்டாமல் ஏன் இருந்துவிட்டார் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

கார் வளைந்து வளைந்து ஏறியது. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் ஒலிவ மரங்கள் நின்றன. வழியில் ஒரு கிழவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு அண்ணாவுக்குக் கை காட்டினார். நாற்பது வீடுகூட இல்லாத ஊர் அது. அதன் கடைசியில் சிறிய மயானம். அண்ணா இரும்புக் கதவைத் திறந்து, சுவரோரமாக இருந்த ஒரு கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பிரெஞ்சு எழுத்தில் இருந்த பெயரை வசந்தமலர் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஜனார்த்தன். 1992.

ஜனார்த்தன் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூப்பிடுவதாகச் சொல்லி, சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு அண்ணாவோடு புறப்பட்டவன். ஆறு மாதம் கழித்து அண்ணாவின் கடிதம்தான் வந்தது. அவன் இங்கு ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிவிட்டான், அவனை மறந்துவிடு என்று. அடுத்த வருடம் கதிர்காமநாதனைக் கட்டி நியூசிலாந்து போனாள். ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் பகுதி வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட, அவன் நல்லாயிருக்கக் கூடாது என்று திடீரென்று மனம் சபிக்கும். இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

"இத்தாலிப் பக்கத்தால களவா நடந்து வரேக்கை மழை. பாதை வழுக்கிச்சுது. விழுந்திட்டான்" என்றார் அண்ணா.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பொலிஸ் பிடிச்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். ஓடிட்டன். இந்த ஊர்ச்சனம்தான் எடுத்து அடக்கம் செய்தது. பேர் தெரியாத ஆள் எண்டு. எட்டு வருசம் கழிச்சு, எனக்கு விசா கிடைச்ச பிறகுதான் வந்து பேரைச் சொன்னனான்."

"விழுந்தவருக்கு மூச்சு இருந்ததோ?"

அண்ணா கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த இலைகளைக் கையால் தட்டிவிட்டார். பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அங்கே தட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ கலியாணமே கட்டியிருக்கமாட்டாய், பிள்ளை."

"அவரிட அம்மாவுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லுவம் எண்டு துணிவு வரேக்கை அவ கண்ணை மூடிட்டா."

வசந்தமலர் அந்தக் கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெயில் பட்டுச் சுட்டது. எழும்பவில்லை. முப்பத்திரண்டு வருடமாகத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் இங்கே, மண்ணுக்குக் கீழே கிடந்தவன்மேல்தான் விழுந்திருக்கிறது. அழுகை வரவில்லை. கீழே, தூரத்தில், கடல் ஒரு சத்தமும் இல்லாமல் நீலமாகக் கிடந்தது.

மிச்ச நான்கு நாளும் அண்ணாவுக்குச் சமைத்துப் போட்டாள். கதைக்கவில்லை. விமான நிலையத்தில் அவர் அவளுடைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, "இனி வருவியோ?" என்று கேட்டார்.

"வருவன். அவரைப் பாக்க" என்றாள்.

ஆக்லாந்தில் கதிர்காமநாதன் வந்து காத்திருந்தார். "என்னப்பா, வெயில் நல்லா எறிச்சதோ?"

"ஓம்."

வீட்டுக்குப் போகும் வழியில், மாங்கரே பாலம் தாண்டும் முன், "இஞ்சேருங்கோ, எங்கயாவது ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றாள். அவர் நீரோரமாகக் காரைத் திருப்பி நிறுத்தினார்.

"ஜனார்த்தனைப் பற்றி உங்களுக்குச் சொன்னனான்தானே."

"ஓம். உம்மை ஏமாத்தினவன்."

"ஏமாத்தேல்லை" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். தூறலைத் துடைத்துக்கொண்டிருந்த வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. வெளியே கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. சாம்பல் நிறச் சேற்றில் கறுப்புப் பறவைகள் சில சிவந்த நீண்ட அலகால் கொத்திக் கொத்தி, தண்ணீர் இருந்த திசையில் நடந்துகொண்டிருந்தன.