கைகாட்டி இறங்கும் வரை

குகைக்குள்ளிருந்து வெளிச்சம்தான் முதலில் வரும், எஞ்சின் பிறகுதான், சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்து, வளைந்து, நீண்டு, அப்புறம் கறுத்த மூக்கு, அதன் பின்னால் இரண்டு பெட்டி, பெட்டி மேல் தட்டு, தட்டிலிருந்து ஆவி, மேசையோரமாகப் போட்ட தண்டவாளத்தில் கடகடவென்று வந்து புள்ளம்பாடியில் நிற்கும், நான் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவேன், அது அரியலூரைப் பார்க்கப் போய்விடும், அரியலூர் அடுத்த மேசை. ஜங்ஷன் பவனில் மேசைக்கு நம்பர் கிடையாது, ஒவ்வொரு மேசையும் ஒரு ஸ்டேஷன், மேலே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் பேர், பரிமாறுகிறவர்கள் எல்லாம் வெள்ளை உடுப்புப் போட்ட கார்டுகள், கழுத்தில் விசில், கல்லாவில் இருக்கும் மேனேஜர் கறுப்புக் கோட்டு மாட்டின டி.டி.ஆர்., என்ன, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பார், சீசன் பாஸு சார் என்பேன், இத்தனை வருஷமாக இதே கேள்வி இதே பதில், இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை. இன்றைக்கும் கேட்டார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் புள்ளம்பாடிக்கு வந்து உட்கார்ந்தேன், கண்ணாடிச் சுவர் ஓரம், ரோட்டைப் பார்த்த நாற்காலி, வாசுகி வரப் போகிறாள், என் மகள், நாலு வருஷத்துக்கு அப்புறம், யாரும் பார்த்துவிடாமல் வந்து யாரும் பார்த்துவிடாமல் போக வேண்டும், பார்த்துவிட்டால் அவள் போக மாட்டாள், அதை நினைக்கும்போதே வெங்காய மூட்டையைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கை வேர்க்கிறது, காய்ப்புக்கு வேர்வை வராது என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேசைக்கு மேசை ஒரு சாண் உயரத்தில் கைகாட்டி மரம் இருக்கிறது, அதில் சிவப்பாக ஒரு கை, கை நீட்டியிருந்தால் ரயில் குகைக்குள்ளேயே நிற்கும், கையை இறக்கினால் வரும், இறக்குவதும் ஏற்றுவதும் சாப்பிட வந்தவர் பாடு, அதுதான் இந்த ஓட்டலின் வேடிக்கை, அதற்காகத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன், வாசுகியின் அம்மா காய்ச்சலில் இறந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்ட மனசில்லாமல், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, சவரிமுத்து அன்றைக்கே இங்கே கார்டு, அவர் மீசை அப்போது கறுப்பு, பாப்பா, இத நீட்டி வச்சா எவ்ளோ வேகமா வர்ற வண்டியும் நிக்கணும் என்றார், டிரைவர் மாமா வீட்ல கல்யாணம்னாலுமா என்று இவள் கேட்டாள், கல்யாணம்னாலும்தான், அப்ப ரயிலு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடாதா, போவாது பாப்பா, கை எறங்குற மட்டும் அங்கனயே நிக்கும், எங்க போவும் அது. ரெண்டாவது படிக்கும்போது பலகையைக் காட்டி, அப்பா படி என்றாள், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதும்மா என்றேன், உடனே கையை நீட்டி வைத்துவிட்டாள், படிச்சாத்தான் தோசை வரும், ரயில் குகையில் நிற்கிறது, பு என்றாள், பு என்றேன், ள், ள, தோசை ஆறுகிறது, ம், பா, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், டி, மொத்தமாச் சொல்லு, புள்ளம்பாடி, அன்றைக்குத் தின்ற தோசை வரட்டி மாதிரி இருந்தது, ஆனால் மறுநாள் மண்டிக்கு வந்த லாரியின் நெற்றியில் ஒரு பா இருப்பதைப் பார்த்து மூட்டையோடு நின்றுவிட்டேன், பின்னால் வந்தவன் திட்டினான். பத்து வயதில் அவளே ரயிலாகிவிட்டாள், கண்ணாடிக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொள்வாள், நான் கையை இறக்கினால்தான் கூவென்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளி ஓடி வருவாள், வேண்டுமென்றே இறக்காமல் உட்கார்ந்திருப்பேன், வெயிலில் நின்று கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு அவள் கூப்பிடுவது கேட்காது, உதடு மட்டும் அசையும், அப்பா, அப்பா.

அந்த உதட்டைத்தான் நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. அவளுக்குப் பிடித்தவன் டைல்ஸ் ஒட்டுகிற பையன், நல்ல பையன், எங்கள் ஆட்களில் இல்லை, அவ்வளவுதான், இரண்டு பேரும் ஊரை விட்டுப் போன அன்று என் அண்ணன் மண்டியில் எல்லார் முன்னாலும் நின்று சொன்னார், அவ இந்த ஊர்ல கால வச்சா திரும்பிப் போவ மாட்டா, இது எங்க அப்பன் மேல சத்தியம், மண்டி அண்ணனுடையது, நான் தூக்கும் மூட்டை அண்ணனுடையது, படுக்கிற பின்கட்டு அறை அண்ணனுடையது, அவர் சொன்னதைச் செய்கிறவர், அவர் மகன் தனபால் சொல்லாமல் செய்கிறவன். ராத்திரியானால் என் போனைக் கை நீட்டிக் கேட்பான், கொடு சித்தப்பா, சார்ஜ் இருக்கானு பாக்குறேன், பார்த்துவிட்டுத் தருவான், அதனால் வாசுகி எனக்குப் போன் போட்டதே இல்லை, நானும் எந்த நம்பரையும் வைத்துக்கொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே வந்து ஒற்றைத் தோசை தின்றேன், சுமை ஏற்றிக்கொண்டு கரூருக்கும் தஞ்சாவூருக்கும் லாரியோடு போனால் அங்கேயும் ஜங்ஷன் பவன்தான், எந்த ஊரானாலும் அதே ஸ்டேஷன்கள், அதே குகை, அதே கண்ணாடி ஓரப் புள்ளம்பாடி, அதில் போய் உட்கார்ந்து கையை இறக்கிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பைத்தியக்காரத்தனம்தான், யார் வரப் போகிறார்கள், ஆனால் போன ஞாயிறு சவரிமுத்து மேசைக்கு வந்து குனிந்து, அண்ணே, புள்ளம்பாடி ஸ்டேஷன் மாஸ்டருக்கு போன் வந்துருக்கு என்றார், முகத்தில் விளையாட்டு இல்லை, கல்லாவுக்குப் போய் வாங்கிக் காதில் வைத்தேன், அப்பா என்றது. எப்படிம்மா இந்த நம்பரு, பில்லுல இருக்குமேப்பா, எத்தன பில்லு பின்னாடி படம் வரைஞ்சிருக்கேன், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், உன்னப் பாக்கணும்ப்பா, அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன், எனக்குப் பொடி தோசை சொல்லி வை, இன்னொண்ணு காரமில்லாம, குட்டி இட்லி, நெய் ஊத்தி சக்கரை போட்டு, ஏம்மா மாப்ளைக்குக் காரம் ஆவாதா என்றேன், அந்தப் பக்கம் சிரித்தாள், நீ வந்து பாரேன், ரோட்டுக்கு அந்தாண்ட ஆட்டோவுலயே இருப்பேன், யாரும் இல்லேன்னா கைகாட்டிய எறக்கி வை, நான் உள்ள வர்றேன். வராதேம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரிம்மா என்று வந்தது.

சரிம்மா என்றது வாயென்றால் காட்டிக் கொடுத்தது முகம், இன்றைக்குக் காலையில் முகச்சவரம் செய்துகொண்டேன், அவள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஊதாச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை தாடியோடு பனியன் மேல் துண்டு போட்டுக்கொண்டு போகிற ஆள் பளிச்சென்று படி இறங்கினால் யார்தான் பார்க்க மாட்டார்கள், முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த தனபால், என்ன சித்தப்பா, பொண்ணு பாக்கப் போறியா என்று நுரையோடு சிரித்தான், நானும் சிரித்துவிட்டு வந்தேன், அதோடு விட்டுவிட்டான் என்று நினைத்தேன். சவரிமுத்துவிடம் பொடி தோசை, குட்டி இட்லி இரண்டையும் சொன்னேன், கண்ணாடிக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தேன், கைகாட்டியின் கையை இறக்கினேன், இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு தனபால் வருகிறான், அவனுக்குப் பின்னால் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு அவன் கூட்டாளிகள் இரண்டு பேர், உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு. இதானா உன் ஓட்டலு என்றபடி எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான், அவன் முதுகு ரோட்டுக்கு, என் முகம் ரோட்டுக்கு, நடுவில் இறங்கின கை, வா, வா, வா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, குகைச் சுவரில் மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது, ஒற்றை விரலால் கையை நெம்பி நேராக்கினேன், வெளிச்சம் அப்படியே நின்றது. ஏன் நிறுத்திட்ட என்றான் தனபால். நீ வந்துருக்கேல்ல, உனக்கும் சொல்லி ஒண்ணா வரவழைப்போம் என்றேன், குரல் என் குரல் மாதிரியே இருந்தது, எனக்கே ஆச்சரியம். சவரிமுத்து வந்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தனபாலைப் பார்த்து, தம்பிக்கு என்ன வேணும் என்றார், ஏன்யா, பொம்ம ரயில்ல வந்தாத்தான் எங்க சித்தப்பனுக்குத் தொண்டைல எறங்குமா, ஊருக்கு மூட்ட தூக்குற ஆளு, பால்வாடி புள்ள மாதிரி என்றான், நான் சிரித்தேன், சவரிமுத்து சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடைக்கு முன்னால், ரெக்சின் படுதாவை ஒதுக்கிக்கொண்டு ஒரு கை, கண்ணாடி வளையல், அப்புறம் முகம், சற்று உப்பியிருக்கிறாள், அம்மா முகம் வந்திருக்கிறது, அவள் மடியில், நான் நினைத்தே பார்க்கவில்லை, மடியில் ஒரு பிள்ளை, தலை நிறைய சுருட்டை முடி, காரமில்லாமல், நெய் ஊற்றி, சக்கரை போட்டு, பேரனா பேத்தியா தெரியவில்லை, ஒரு காலை இறக்கி வைத்துவிட்டாள், செருப்பு ரோட்டில் படுகிறது, அப்படியே குனிந்து கண்ணாடி வழியாக என் மேசையைத் தேடுகிறாள், தேடும்மா, பாரும்மா, இந்தக் கையைப் பாரு. பசிக்குது சித்தப்பா, இத எறக்குனாத்தானே வரும் என்று தனபால் கைகாட்டிக்குக் கை நீட்டினான், என் விரல் அதற்குள் அங்கே இருந்தது, அவன் அழுத்துகிறான், நான் தாங்குகிறேன், விளையாட்டு மாதிரிதான் இருந்திருக்கும் பார்க்கிறவர்களுக்கு, தீக்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் கை, அதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு முதுகு நடுங்குகிறது, இரு தனபாலு, ஒண்ணொண்ணா வந்தா ஆறிப்போயிடும், அட விடு சித்தப்பா, ஒரு தடவதான், இருடா சொல்றேன். கையை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தான், என்னத்த அப்பிடி ரோட்டையே பாக்குற என்றான், மெல்ல, சொல்லாமல் செய்கிறவனின் குரலில், கேட்டுக்கொண்டே நாற்காலியில் உடம்பைத் திருப்பினான், அவன் காதுக்குப் பக்கத்தில் சவரிமுத்துவின் விசில் கிழித்துக்கொண்டு ஒலித்தது, துள்ளிவிட்டான், யோவ், அறிவிருக்கா, காதுலயா ஊதுவ, மன்னிச்சுக்குங்க தம்பி, வண்டி குகையில நின்னா ஊதணும், கம்பெனி ரூல்ஸு, அப்படி ஒரு ரூல்ஸ் இல்லவே இல்லை என்பது எனக்குத் தெரியும், தனபால் குகையைப் பார்த்தான், உள்ளே நிற்கும் வெளிச்சத்தைப் பார்த்தான், அரியலூர் மேசைப் பிள்ளைகள் கைதட்டுகின்றன, அந்தப் பக்கம் அவள் பார்த்துவிட்டாள், நீட்டின கையைப் பார்த்துவிட்டாள், உதடு அசைந்தது, ஒரு தடவைதான், காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், படுதா விழுந்தது, விழுந்த படுதாவின் ஓரத்திலிருந்து பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்து என் பக்கமாக நேராக நீண்டது, ரயிலைத்தான் காட்டியிருக்கும், என்னை அதற்குத் தெரியாதே, ஒரு டவுன் பஸ் குறுக்கே போனது, பஸ் போன பிறகு மருந்துக் கடை மட்டும் இருந்தது. தனபால் திரும்பி ரோட்டைப் பார்த்தான், மருந்துக் கடையைப் பார்த்தான், வாசலில் கூட்டாளிகளைப் பார்த்தான், அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கையை இறக்கினேன். மஞ்சள் வட்டம் நகர்ந்தது, எஞ்சின் வந்தது, முதல் பெட்டியில் பொடி தோசை, இரண்டாவதில் கிண்ணம், நெய்யில் மினுங்கும் குட்டி இட்லிகள், மேலே சக்கரை பாதி கரைந்து. இது யாருக்கு, கொழந்த திங்கிறதால்ல இருக்கு என்றான் தனபால், சிரிக்காமல். எனக்குத்தான்டா, கடவாப்பல்லு மூணு நாளா குடையுது, காரம் பட்டா உசுரு போவுது, தோசைய நீ சாப்பிடு, உனக்குத்தான் பசிக்குதுன்னியே. அவன் கண் என் வாயிலேயே இருந்தது, ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன், பல்வலிக்காரன் எப்படித் தின்பானோ அப்படி ஒரு பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி, ஒரு இட்லிக்கு ஒரு வாய், சுருட்டை முடி, ஒரு வாய், நீண்ட குட்டிக் கை, தித்திப்பு தாங்க முடியவில்லை, கிண்ணத்தின் அடியில் இருந்த நெய்யையும் வழித்து நக்கிவிட்டுத்தான் வைத்தேன், எதிரே அவளுடைய தோசையை அவன் பிய்த்துப் பிய்த்துத் தின்றான், பொடி நல்லாத்தான் இருக்கு சித்தப்பா, இனிமே வாராவாரம் நானும் வர்றேன் உன்கூட. வா தனபாலு, தாராளமா வா. அவன் கை கழுவப் போனபோது சவரிமுத்து தட்டுகளை எடுக்கக் குனிந்தார், மீசை முழுக்க வெள்ளை, என்னைப் பார்க்காமல் தட்டிடம் சொல்கிற மாதிரி, கரூர்லயும் புள்ளம்பாடி இருக்குண்ணே, பாப்பா திரும்ப போன் பண்ணா அங்க வரச் சொல்லிடுறேன் என்றார், அண்ணே, நீ எப்ப லோடோட போவன்னு மட்டும் சொல்லு. சொல்றேன் என்று தலையை ஆட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே தனபால் வந்து என் தோளைத் தட்டினான், கெளம்பு, அப்பா தேடுவாரு. எழுந்திருக்கும்போது விரலால் அந்தச் சிவப்புக் கையை மறுபடி நேராக நீட்டி வைத்தேன், யாருக்கோ எதையோ ஏற்றிக்கொண்டு அடுத்த வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது போலும், சுவரில் மஞ்சள் வட்டம் விழுந்து, வளைந்து, நீண்டு, எஞ்சின் மூக்கு தெரிவதற்குள் நின்றுவிட்டது, வா சித்தப்பா என்கிறான் கதவருகிலிருந்து, வர்றேன் வர்றேன் என்கிறேன், நடக்கிறேன், கல்லாவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் குகை வாயில் அப்படியே இருக்கிறது, போகவில்லை, அங்கனயே நிற்கிறது.